மண்சுவரில் ஒரு கலைக்கூடம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கலை எங்கே வாழ்கிறது? இக்கேள்வியை நம் கல்லூரித் தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் என்பர் சிலர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் என்பர் வேறு சிலர். பாரிஸ் நகரின் லூவர் கூடத்தில் என்று உலக அறிவைக் காட்டுவோரும் உண்டு. "எங்கள் வீட்டுச் சுவரில்" என்று விடை சொல்வோரைக் காண்பது அரிது. அப்படி ஒருவர் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடும் காலண்டர் படமும் கலைதான். அதைச் சேர்த்து வைப்பதும், அதனோடு வாழ்வதும் அறிவுடையோர் செயல்தான். நம் தலைமுறை அதைச் செய்யத் தவறினால், நம் பெற்றோர் வாழ்ந்த வாழ்வின் ஒரே வண்ணப் பதிவு அழிந்துவிடும். இதுவே என் கருத்து.

எங்கள் மலையும் எங்கள் சுவரும்

ஜவ்வாது மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் வாழும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணால் எழுப்பிய சுவர், புல் வேய்ந்த கூரை, சாணமிட்டு மெழுகிய தரை, சிறிய வாசல்: இதுவே மலைவாழ் மக்களின் பழைய வீடு. உள்ளே வெளிச்சம் குறைவு. அந்த அரையிருட்டில் கண்ணில் பளிச்சென்று படுபவை காலண்டர் படங்களே. சாமையும் புளியும் தேனும் சுமந்துகொண்டு போளூருக்கோ செங்கத்துக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கிச் செல்லும் பெரியவர்கள், தை பிறக்கும் வேளையில் மண்டியிலிருந்தும் துணிக்கடையிலிருந்தும் உரக்கடையிலிருந்தும் அவற்றைச் சுருட்டி எடுத்து வருவார்கள். ஆண்டு முடிந்தால் தேதித் தாள்தான் தீரும்; படம் சுவரைவிட்டு இறங்காது. புதிய படம் பழைய படத்தின் பக்கத்தில் ஏறும். இப்படியே முருகனும் இலட்சுமியும், காந்தியடிகளும் காமராசரும், தவழும் குழந்தையும் பனிமலைக் காட்சியும் ஒரே வரிசையில் அமர்ந்துவிடுவார்கள். நடுவில் ஒரு திரைப்பட நடிகர் இருப்பார். அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கும் முன்னே, எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக எழுத்து நுழைந்ததே காலண்டர் வழியாகத்தான். முருகன் காலடியில் அச்சிட்டிருந்த கடைப்பெயரே நான் கூட்டி வாசித்த முதல் சொல். படிக்கத் தெரியாத என் பாட்டி, சிவப்பில் இருந்தால் ஞாயிறு என்றும், கருவட்டம் இருந்தால் அமாவாசை என்றும் கண்டுகொள்வார். ஆடு ஈன்ற நாள், கொடுத்த கடன், வாங்கிய கூலி எல்லாம் யாராவது எழுதத் தெரிந்தவர் கையால் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏறும். ஆகவே எங்கள் வீட்டில் அதுவே ஓவியம், அதுவே பஞ்சாங்கம், அதுவே கணக்கேடு.

பாப் கலை என்பது யாது?

மேலை நாட்டில் 'பாப் கலை' என்று ஒரு கலை இயக்கம் தோன்றியது. 'பாப்புலர்' என்னும் சொல்லின் சுருக்கமே 'பாப்'. வெகுமக்கள் அன்றாடம் கண்டு பழகிய பொருள்களையும் விளம்பரங்களையும் சினிமா முகங்களையும் சித்திரக்கதைகளையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்த இயக்கம் அது. 1956இல் ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஆங்கில ஓவியர், பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு சிறிய படம் செய்தார். அதில் இருந்தவை தொலைக்காட்சிப் பெட்டி, டேப்ரெக்கார்டர், தூசி உறிஞ்சும் கருவி, தகரத்தில் அடைத்த இறைச்சி, தசைநார் முறுக்கிய ஓர் ஆண் ஆகியவை. இக்கால வீடுகளை இவ்வளவு கவர்ச்சியாக்குவது எது என்று கேட்பதாக அப்படத்தின் தலைப்பு அமைந்தது. பாப் கலை தன் தொடக்கத்திலேயே வீட்டைப் பற்றிப் பேசியது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஆண்டி வார்ஹால் 1962இல் சூப் டப்பாக்களை வரைந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காட்சிக்கு வைத்தார். மொத்தம் 32 படங்கள். ஒவ்வொன்றும் ஒருவகைச் சூப். கடைகளில் டப்பா அடுக்கியிருப்பதுபோலவே அவற்றை வரிசையாக வைத்தார்கள். பலர் எள்ளி நகையாடினர். விலை ஒன்றுக்கு 100 டாலர். அப்போதும் வாங்க முன்வந்தவர் ஒரு சிலரே. கூடத்தை நடத்திய இர்விங் பிளம் என்பவர், இத்தொகுதி பிரியக்கூடாது என்று கருதி, முன்வந்தவர்களிடம் கேட்டு விட்டுக்கொடுக்கச் செய்தார். முழுத் தொகுதியையும் 1,000 டாலருக்குத் தாமே தவணை முறையில் வாங்கி, தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார். 1996இல் அத்தொகுதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தபோது அதன் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர்.

ராய் லிக்டன்ஸ்டைன் என்ற மற்றோர் ஓவியர் சித்திரக்கதைப் படங்களைப் பெரிதாக்கி, அச்சில் தோன்றும் புள்ளிகளையும் சேர்த்தே வரைந்தார். அந்தப் புள்ளிகள் யாவை? நம் இயற்பியல் ஆய்வகத்திலுள்ள கைலென்சு ஒன்றை எடுத்து ஒரு காலண்டர் படத்தின் மேல் வையுங்கள். முருகனின் நீல மயில் மறைந்துவிடும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கே நிறப் புள்ளிகள் தெரியும். அந்த நான்கும் அருகருகே நின்று நம் கண்ணை ஏமாற்றி ஆயிரம் நிறங்களாகின்றன. எங்கள் மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எட்டாத தொலைவிலிருப்பதைக் காண அத்துணைப் பெரிய கண்ணாடி வேண்டும். எதிர்ச்சுவரில் இருப்பதைக் காணக் கைக்கண்ணாடி ஒன்று போதுமே!

நம் நாட்டிலும் இக்கண் திறந்தது. பம்பாயில் பிறந்து பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் தொழிலால் ஒரு கணக்காயர். 1960களின் நடுவில், கடைவீதியில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டி அவர் படைத்த ஓவியங்கள் அறிஞர்களை அதிரவைத்தன. நாம் 'மட்டமான ரசனை' என்று ஒதுக்கிய பொருளையே அவர் கலைக்கு மூலப்பொருளாக்கினார்.

இப்படங்கள் வந்த வழி

கேரளத்துக் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் தெய்வ ஓவியங்களைக் கல்லச்சில் பல்லாயிரம் படிகளாக வெளியிட்டார். அரண்மனையில் இருந்த ஓவியம் குடிசைக்கு வந்தது. இதை வெறும் வணிகம் என்று தள்ளிவிட முடியாது. தாழ்த்தப்பட்டோர் பல கோயில்களில் நுழைய முடியாதிருந்த காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்ததே 1939இல்தான். கருவறைக்கு முன் நிற்க உரிமையில்லாதவன், சில காசுகளுக்குக் கடவுளின் முகத்தை வாங்கித் தன் வீட்டில் வைத்துக் கும்பிட்டான். பூசாரியின் அனுமதி அதற்குத் தேவைப்படவில்லை. இதைவிடப் பெரிய சமத்துவத்தை அக்காலத்தில் எந்த ஓவியம் செய்தது?

தமிழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் அந்த வகையில் ஓர் உறவு உண்டு. பின்னர் நாடகக் குழுவில் சேர்ந்து திரைச்சீலைகள் வரைந்தார். கோவில்பட்டியில் நிலைகொண்டு சுப்பையா, இராமலிங்கம் முதலிய மாணவர்களை உருவாக்கினார். நாடகத் திரையில் கண்ட அரண்மனைத் தூண்களும் தாமரைத் தடாகங்களும் மலைச்சாரல்களும் அவர்தம் தெய்வப் படங்களுக்குப் பின்னணியாயின. நம் வீட்டு இலட்சுமிக்குப் பின்னே தெரியும் வானம் உண்மையில் ஒரு நாடக மேடையின் வானம்!

அவ்வோவியங்களை ஊரெங்கும் பரப்பியது சிவகாசி. 1922இல் அவ்வூரிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அச்சடித்த ஊர் காலண்டரும் அச்சடித்தது. இன்றும் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை அங்கே வெளியிடுகிறார்கள். படத்தை மொத்தமாக அச்சிட்டுவிட்டு, அடியில் இடம் விட்டுவைப்பார்கள். கடைக்காரர் தேர்ந்தெடுத்த பின் அவர் பெயர் அங்கே ஏறும். ஒரே முருகன் காரைக்குடியில் நகைக்கடைக்கும் செங்கத்தில் உரக்கடைக்கும் ஊழியம் செய்வது இப்படித்தான். ஒரே படத்தைப் பலமுறை அச்சிட்டு அதையே கலை என்று வார்ஹால் காட்டியதை உலகம் வியந்தது. சிவகாசித் தொழிலாளி அதை வியப்பில்லாமல் நாள்தோறும் செய்துவந்தான்.

மறுப்புகளும் விடையும்

"விளம்பரத்துக்காக இலவசமாய்த் தருவது எப்படிக் கலையாகும்?" என்று கேட்பர். அரசன் தன் புகழுக்காகக் கட்டிய கோயிலைக் கலை என்கிறோம். அப்படியிருக்க, மளிகைக்கடைக்காரர் தம் புகழுக்காக அச்சிட்ட படத்தை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு வலிமையானது. எங்கள் மலையில் பல தெய்வங்களுக்கு முகம் கிடையாது. மரத்தடியில் நட்ட கல்லே தெய்வம். காலண்டர் வந்தபின், கடவுளை வரையச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் கல்லை வரைவதில்லை. ரோசாக் கன்னமும் பட்டாடையும் உடைய சிவகாசி இலட்சுமியையே வரைகிறார்கள். வள்ளி மலைமகள்தான், ஆனால் காலண்டர் வள்ளியின் காலில் ஒருநாளும் மண் ஒட்டியதில்லை, அவள் தலையில் விறகுக்கட்டு ஏறியதில்லை. அழகு என்றால் வெளுப்பு என்று இப்படங்கள் எங்களுக்குக் கற்பித்ததை நான் மறைக்க விரும்பவில்லை. வீட்டில் கறுத்த மேனியுள்ள பெண்கள் எல்லோரும் தினமும் அந்தப் படத்துக்கு எதிரே நின்றுதான் தலை வாரிக்கொள்கிறார்கள்.

ஆனால் இக்குறையே அவற்றைப் பாதுகாக்க வேண்டியதன் காரணமாகிறது. நம் மனத்தில் அழகின் அளவுகோலை நட்டது எது என்று நாளை ஒருவர் ஆராய்ந்தால், அதற்குச் சான்று வேண்டும். எரித்துவிட்ட சான்றை வைத்து யாரையும் விசாரிக்க முடியாது. பழக்கத்தால் பார்த்துக்கொண்டிருந்ததை, சேர்த்து வைத்தவன்தான் கேள்வியோடு பார்க்கத் தொடங்குகிறான். சேகரிப்பு வழிபாடாக இருக்க வேண்டியதில்லை. அது ஆராய்ச்சியாகவும் இருக்கலாம்.

சேர்ப்பவர் யார்?

ஓவியம் சேர்ப்பது செல்வர் வேலை என்பது தவறான எண்ணம். நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் அஞ்சலகத்தில் கடிதம் பிரித்த ஊழியர். அவர் மனைவி டாரதி நூலகர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. கணவர் சம்பளத்தில் ஓவியம் வாங்கினார்கள். பாப் கலைக்குப் பின் வந்த புதுவகைக் கலைஞர்களின் படைப்புகளை, ஒரே படுக்கையறை கொண்ட தம் வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட அடுக்கி வைத்து வாழ்ந்தார்கள். 1992இல் அவர்களுடைய தொகுப்பு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் செல்ல ஏற்பாடாயிற்று.

நம் காலண்டர் படங்களைச் சேர்த்தவரும் உண்டு. அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகச் சமயவியல் பேராசிரியராக இருந்த டேனியல் ஸ்மித், இந்தியாவில் அச்சான தெய்வப் படங்களை மூவாயிரத்துக்கும் மேல் திரட்டினார். அவை இன்று அப்பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீஃபன் இங்கிலிஸ், கொண்டையராஜுவைப் பற்றியும் அவர் மாணவர்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். கடல் கடந்து வந்தவர்கள் நம் சுவரைப் பார்த்தார்கள். நாமோ சுவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறோம்.

நம்மிடமும் சேர்க்கும் குணம் இல்லாமல் போகவில்லை. தீப்பெட்டிப் படம் சேர்க்காத சிறுவன் எங்கள் ஊரில் உண்டா? ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஐந்து என்று மாற்றிக்கொண்டு, அரிய லேபிளுக்காக நண்பனோடு மல்லுக்கட்டியவர்கள்தாமே நாம்! வயது ஏறியதும் அந்த நல்ல குணத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிட்டோம்.

வேதியியல் சொல்லும் வழி

இப்படங்களோடு எப்படி வாழ்வது? இங்கே என் பாடநூல் எனக்குத் துணை நிற்கிறது. மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் மிகுதி. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். தாளில் உள்ள அமிலம் செல்லுலோசின் நீண்ட சங்கிலியை அறுத்துவிடுவதால், தாள் முறுகி ஒடிகிறது. மஞ்சள் மையும் இளஞ்சிவப்பு மையும் வெயிலில் விரைவில் வெளிறும். நீலம் நின்று பிடிக்கும். வெயில் படும் வாசற்சுவரில் தொங்கும் சாமிகள் எல்லாரும் காலப்போக்கில் நீலமேனியர் ஆவதன் இரகசியம் இதுவே.

ஆகவே, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அடுப்புக்கு எதிரே வேண்டாம், புகை படியும். மைதாப் பசை தடவி ஒட்டாதீர்கள். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் பசையைத் தின்னவந்து படத்தையும் தின்னும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம்; அதன் பிசின் மஞ்சள் கறையாக ஊறிவிடும். லாமினேட் செய்தால் பிறகு பிரித்தெடுக்க இயலாது. மாட்ட இடமில்லாதவற்றைச் சுருட்டி வைக்காமல், தட்டையாக, இடையே வெள்ளைத் தாள் வைத்து, ஈரமில்லாத பெட்டியில் அடுக்குங்கள். ஓரத்தில் தாத்தா எழுதிய கடன் கணக்கை அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள். படத்தைவிட அது அரியது.

படத்தோடு அதன் கதையையும் சேருங்கள். எந்த வீட்டுச் சுவர், எந்த ஆண்டு, எந்தக் கடை கொடுத்தது, யார் சுமந்து வந்தார் என்னும் நான்கு வரிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்த நான்கு வரிகள் இல்லாவிட்டால் அது பழைய காகிதம், இருந்தால் ஆவணம்.

இப்போதே ஏன்?

மலையில் மண்வீடுகள் குறைந்து வருகின்றன. அரசின் திட்டங்களால் காங்கிரீட் வீடுகள் எழுகின்றன. இது மகிழத்தக்கதே, ஒழுகும் கூரையில் கலை இருக்கிறது என்று யாரும் எங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டாம். ஆனால் வீடு மாறும் நாளில் நடப்பது என்ன? புதுச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்கிறோம். படித்த பிள்ளையின் நண்பர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்கிறோம். முப்பது ஆண்டுப் படங்கள் ஒரே காலையில் போகித் தீயில் விழுகின்றன. நாம் படித்துப் பட்டம் பெறுவதன் முதல் பயன், நம் தாய் தந்தையர் ஆசையோடு மாட்டிய படத்தைக் கண்டு நாணுவதுதானா? அப்படியானால் அக்கல்வி நமக்கு எதைத் தந்தது, எதைப் பறித்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, மாணவத் தோழர்களுக்கு: வரும் போகிக்குள் உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை நின்று பாருங்கள். எந்தப் படம் எந்த ஆண்டுடையது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தாளைக் காக்க இயலாவிட்டால் கைப்பேசியிலாவது படமெடுத்து வையுங்கள். இரண்டாவது, பேராசிரியப் பெருமக்களுக்கு: நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கித் தாருங்கள். மாணவர் ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தால் போதும், ஓராண்டில் நூற்றுக்கணக்கில் சேரும். தமிழ்த் துறை கதைகளைத் தொகுக்கலாம். வரலாற்றுத் துறை ஆண்டுகளை வரிசைப்படுத்தலாம். வேதியியல் துறை தாளையும் மையையும் காக்கும் வழி காணலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பூட்டு ஒன்றும், பொறுப்பான கைகள் சிலவும் போதும்.

மற்றவர் விலை வைத்த பிறகு நம் பொருளை மதிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. இந்த ஒன்றிலாவது நாம் முந்திக்கொள்வோம். சுவரிலிருந்து இறக்கும் படத்தைத் தீக்குக் கொடாமல் ஏட்டுக்குக் கொடுக்க இளைஞர்களாகிய நாம் முன்வருவோமாக!